உங்கள் தங்கையின் நாலு கயிறுகள்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு நீங்களும் வீட்டிலுள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நலமில்லாதவர்களிடம் இப்படியொரு விஷயத்தைக் கொண்டுபோவது நியாயமில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய எழுத்தாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஆகவே தாள் கூடுதலாகியிருந்தால் பொறுத்தருளவும். தாங்கள் உடனே கிளம்பி வந்து உங்கள் தங்கைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

முப்பது வருடம் நூலகத்தில் உட்கார்ந்து "சத்தம் போடாதீங்க" என்று ஊரையே அடக்கிவைத்தவள், ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் என்னோடு கடற்கரைக்கு நடக்க வந்தாள். அங்கே சிலர் ஆகாயத்தில் பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதன் கயிறுகளை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, காலடியில் பலகையோடு தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சுண்டு விரல் அளவுகூட ஆபத்தை உணராமல் "பாரு, எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "என்னங்க, இதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா?" என்றாள். இல்லையாம். விசாரித்துவிட்டேன். இப்போது வாரத்தில் நாலு நாள் உங்கள் தங்கை கடல் நடுவே போய்க் கூவுகிறாள், மச்சான். கரையில் நிற்கிற எனக்குக் கேட்கிறது.

அவளைத் தூக்கிக்கொண்டு போகும் பட்டத்துக்கும் அவளுக்கும் நடுவே இருப்பது நாலே நாலு கயிறுகள். ஒவ்வொன்றும் இருபத்துநாலு மீட்டர் நீளம்; தடிமனோ ஷூ லேஸ் அளவுகூட இல்லை. நான் லிஃப்ட் பராமரிப்பில் முப்பத்தோரு வருடம் கழித்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். என் கட்டை விரல் பருமனுள்ள எஃகுக் கயிற்றையே நம்பாமல் மாதாமாதம் தடவிப் பார்த்தவன். இந்த நூலையா நம்புவேன்? தேய்மானத்தை ஒழிப்பதென்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் தேய்மானத்துக்கு ஒரே மருந்துதான் உண்டு: கிரீஸ். அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் நாலு கயிறுகளுக்கும் அடி முதல் நுனி வரை பூசிப் பளபளவென்று ஆக்கிவைத்தேன். பெண்டாட்டிக்கு இப்படி உழைத்த புருஷன் உண்டா என்று எனக்கே நெஞ்சு விம்மியது.

மறுநாள் கடற்கரையில் கயிற்றை விரித்தார்கள். கரையிலிருந்த மணலில் பாதி அதில் ஏறிக்கொண்டது. பயிற்சி கொடுக்கும் பெண் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன கயிறா, உப்புத்தாளா?" என்று கேட்டாள். மணல்தான் இந்தக் கயிறுகளுக்கு எமனாம். இழைகளுக்குள் புகுந்து உள்ளேயிருந்தே அறுக்குமாம். நான் எமனை ஒட்டவைக்கப் பசை தடவியிருக்கிறேன். நூலகத்தில் சத்தம் போட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பாளே, அதே பார்வையால் உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள்.

சரி, கழுவிவிடலாம் என்று தொட்டியில் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்தேன். எடுத்தபோது நாலு கயிறும் ஒரு கயிறாகியிருந்தன. முனைகளைத் தேடவே ஒரு பகல் போயிற்று. சாப்பாட்டு மேஜைக் கால், நாற்காலிக் கால், என் கால் என்று சுற்றிச் சுற்றிப் பிரித்தோம். பிரித்தோம் என்றால் அவள் பிரித்தாள், நான் நாற்காலியோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு காய வேண்டுமே? எங்கள் மூன்றாம் மாடி நடைவழி எங்கள் கதவிலிருந்து லிஃப்ட் வரை சரியாக இருபத்துமூன்று மீட்டர். கடவுளே அளந்து கட்டியது போலிருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு டீ குடிக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் எதிர்வீட்டுப் பியானோ டீச்சர் அதைக் கொடிக்கயிறு என்று நினைத்து இரண்டு படுக்கைவிரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார். எடுக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ கீழேயிருந்து லிஃப்டை அழைத்தார்கள். ஒரு கயிற்றின் நுனி கதவிடுக்கில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. லிஃப்ட் இறங்கியது, கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்தது, ஒரு படுக்கைவிரிப்பு என் தலையில் விழுந்தது. "என்ன சார் நடக்குது இங்க?" என்று பியானோ டீச்சர் கத்துகிறார். "லிஃப்ட நிறுத்துங்க!" என்று விரிப்புக்குள்ளிருந்து நான் கத்துகிறேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு லிஃப்டும் எனக்கு இந்தத் துரோகத்தைச் செய்ததில்லை.

நல்லவேளை, லிஃப்ட் அரையடி இறங்கியதும் நின்றுவிட்டது; கயிறு அறவில்லை. நீண்டுவிட்டது. ஒரு கையகலம்தான். ஆனால் நாலும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பட்டம் சொன்னபடி கேட்காதாம். அது தெரியாமல் மறுநாள் கடலில் இறங்கிய உங்கள் தங்கை வலப்பக்கம் போக நினைத்ததெல்லாம் இடப்பக்கமே போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒரு மீனவர் படகில் ஏறி வந்தாள். நாலையும் மாற்ற வேண்டியதாயிற்று. "இனிமே என் கயித்தத் தொட்டீங்க..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்களேன். எதுக்கு கிரீஸ் தடவுறீங்க?" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

மறுநாள் வெட்கத்தை விட்டு அந்தப் பயிற்சிப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், வேறொன்றும் தடவக் கூடாது. நிழலில் காயவைக்க வேண்டும். கல்லிலும் சிப்பியிலும் இழுக்கக் கூடாது. முடிச்சு விழுந்தால் அந்த இடத்தில் பாதி பலம் போச்சு, உடனே அவிழ்க்க வேண்டும். கொஞ்ச காலத்துக்கொரு முறை பட்டத்துப் பக்க நுனியைக் கைப்பக்கம் மாற்றிப் போட்டால் ஒரே இடம் தேயாது. "அங்கிள், அவ்வளவுதான். இதுல பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது" என்றாள். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை இவர்கள் பதினோரு பேராக விரிகுடாவைக் கடந்து எதிர்க்கரைக்குப் போவதாக ஏற்பாடு. நல்ல காற்று. எல்லோரும் தயார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. லிஃப்டில் கயிறு நடுவில் அறாது, மச்சான். சக்கரத்தில் வளைந்து உரசும் இடத்தில்தான் அறும். இவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பின் நடுவில் ஓர் ஓட்டை உண்டு. பட்டத்தின் கயிறுகளை இடுப்புக் கொக்கியோடு இணைக்கும் ஒரு தடித்த கயிறு அதன் வழியாக வருகிறது. கம்பை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அது உரசும். புதிதாக வாங்கியது நாலு கயிறுகளைத்தான், இது பழசு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். ஓட்டைக்குள் மறைந்திருந்த இடத்தில் பஞ்சு பஞ்சாக இருந்தது.

"இதோட நீ போகக் கூடாது" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? எல்லாரும் கிளம்பியாச்சுங்க!"

"இந்த ஒரு தடவை தொட்டுப் பாரு. அப்புறம் நான் வாயே திறக்கல."

தொட்டுப் பார்த்தாள். பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் கம்பை மேலே தள்ளிப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. கயிற்றில் பாதி இழைகள் இல்லை. பத்துப் பேரும் இருபது நிமிடம் காத்திருந்தார்கள். மாற்றுக் கயிறு போட்டார்கள். கிளம்பும்போது உங்கள் தங்கை என் விரல்களை ஒரு தடவை அழுத்தினாள். அவள் பட்டம் எதிர்க்கரையில் பொட்டாக இறங்கும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று நினைவில்லை.

ஆகவே, மச்சான், என் இருதயம் இதற்கு மேல் தாங்காது. வந்து அவளை எப்படியாவது கடலிலிருந்து கரையேற்றவும். தங்கள் வீட்டம்மாவுக்கு என் பணிவான வணக்கங்கள், குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் கெட்டியான கயிறும் அமையட்டும்.

இப்படிக்கு,
பயத்துடனும் பாசத்துடனும்,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. பயிற்சிப் பெண் இரண்டு பெரிய கூடைகளோடு நின்றாள். "அங்கிள், பத்துப் பேரோடதும் இதுல இருக்கு. நீங்க தடவிப் பார்த்துச் சொன்னாத்தான் தண்ணியில இறங்குவோம்னு எல்லாரும் அடம் பிடிக்கிறாங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உள்ள வைம்மா" என்று வந்துவிட்டது. இப்போது கூடம், படுக்கையறை எங்கும் நாற்பது கயிறுகள். உங்கள் தங்கை கடலை விட்டுவிட்டால் அந்தக் கூட்டத்தில் என்னை யார் மதிப்பார்கள்? ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடவும். புத்தி சொல்லும் யோசனையோடு தயவுசெய்து வர வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் வாருங்கள். நீளம் சரிபார்க்க மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் தேவை.