மைக்செட் கூப்பிட்ட பதினைந்து நம்பர்

மைக்செட் மெதுவாகப் பேசி ஆண்டவனே கேட்டதில்லை. பட்டாபிராமில் எங்கள் தெருவில் நின்று அவர் யார் காதிலாவது ரகசியம் சொன்னால், நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்கள் ‘அட, அப்படியா!’ என்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா என்று ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். அதிலிருந்து வந்த பெயர். அவருக்கெல்லாம் மைக் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக்கு நேரெதிர் அவருடைய வீடு. கொரோனா ஊரடங்கு வந்தது. கல்யாணம் நின்றது, திருவிழா நின்றது, ரயிலே நின்றது. ஆறு ஸ்பீக்கர்களும் அவர் மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கின. மைக்செட் மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தெருவே குலுங்கியது.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்! பால்கனில கீற அல்லாருக்கும் வணக்கம். ஊட்டுக்குள்ள குந்திகினு செவத்தப் பாத்தது போதும். இன்னிலேந்து நம்ம தெரு தம்போலா!”

ஆளுக்குப் பதினைந்து நம்பர் உள்ள சீட்டை நோட்டுத் தாளில் அவரே எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தொண்ணூறு வரை எழுதிய அட்டைத் துண்டுகளை வீட்டில் இருந்த ஒரே குக்கரில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார். கூப்பிட்ட நம்பரை அடித்துக்கொண்டே வரவேண்டும். பதினைந்தும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ். பரிசு, அவர் மனைவி அஞ்சலையக்கா அன்று செய்த பலகாரம்.

நம்பரைச் சும்மாவா கூப்பிடுவார்? “பெத்தா பெருவாழ்வு, பதினாறு! அம்மன் கோயில் ஆடு மாதிரி தனியா நிக்கிது, ஒண்ணு! வயசாச்சி, வம்பு போகல, நாப்பது!” நான்கு மாடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கும். நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் முறைப்பார்கள்.

ஒருநாள் ஆட்ட நேரத்தில் எனக்கு ஆபீஸ் மீட்டிங். “இந்த வேலைக்கு எத்தனை நாள் வேணும்?” என்று மேனேஜர் கேட்டார். பத்து நாள் என்று சொல்ல மைக்கைத் திறந்தேன். “தொண்ணூறு! கெட்டியா புடிச்சிக்கோ, தொண்ணூறு!” என்றது எதிர்வீட்டு ஸ்பீக்கர். மேனேஜர் சற்று யோசித்து, “சரி, எழுதிக்கிறேன்” என்றார்.

ஆட்டத்தில் மட்டும் மைக்செட் அரிச்சந்திரன். வராத நம்பரை அடித்துவிட்டு அஞ்சலையக்கா ஒருநாள் ஃபுல் ஹவுஸ் கேட்க, “அஞ்சல தப்பாட்டம்! மூணு நாளு வெளிய!” என்று ஊருக்கே அறிவித்தார். அந்த மூன்று நாளும் அவருக்குச் சோற்றில் உப்பில்லை என்பதையும் அவரே மைக்கில் அறிவித்தார்.

அப்புறம் எனக்குக் கொரோனா வந்தது. மனைவியும் மகளும் ஊரடங்குக்கு முன்பே விருதுநகர் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் நான் தனி. லேசான காய்ச்சல், வீட்டிலேயே இருக்கலாம் என்றார் டாக்டர். மாநகராட்சிக்காரர்கள் வந்து வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள்.  மாலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கர் கனைத்தது.

“ரெண்டாவது மாடி நைனா! கதவத்தான் அடச்சிகிறாங்கோ, காத அடைக்கல. டெய்லி ஆட்டம் ஆரம்பிக்கசொல்லோ தட்டுல ஒரு தட்டு தட்டு. கீறேன்னு தெரிஞ்சிக்கிறேன்.”

ஐந்து நாள் தட்டினேன். ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது. கட்டிலைவிட்டு எழ முடியவில்லை.

“நைனா, தட்டு சத்தம் வரலையே?”

குரல் கேட்டது. கை நகரவில்லை.

“ஆட்டம் நிறுத்தம்! அல்லாரும் அமைதி! நைனா, கீறியா இல்லியா?”

 ஆறு ஸ்பீக்கரும் என்னையே கூப்பிட்டன. ஒரு கட்டத்தில் அவர் குரல் உடைந்தது. மைக்செட்டின் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். ஊர்ந்து பால்கனிக் கதவு வரை போய்த் தட்டைத் தரையில் போட்டேன். டங்! தெருவே விசிலடித்தது. அடுத்த அரைமணியில் அவர் போட்ட சத்தத்தில் டாக்டரே போனில் என்னைக் கூப்பிட்டார், மாத்திரையை மாற்றினார். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது.

மறுநாள் ஆட்டம் ஆரம்பித்தது. முதல் நம்பர் என் சீட்டில் இருந்தது. இரண்டாவதும், மூன்றாவதும். எட்டாவதில் எனக்கே பயம் வந்தது. பதினைந்தாவதில் என் சீட்டே முடிந்தது! தட்டைத் தட்டி ஃபுல் ஹவுஸ் கேட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்றாவது மாடியிலிருந்து கத்தினார். “அவர் சீட்டுக்கு வெளியே ஒரு நம்பர்கூடப் போகலையே! எனக்கு ஒண்ணுகூட வரலை. இது எப்படி நடக்கும்?”

“குக்கரு சொல்றத நான் சொல்றேன். நான் இன்னா சார் பண்ணட்டும்?”

“குக்கரைக் காட்டுங்க பார்ப்போம்!”

“கைலதான் கீது!” என்றார் மைக்செட், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து.

அதே நொடியில் அவர் வீட்டு அடுக்களையிலிருந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்று குக்கர் விசிலடித்தது. அஞ்சலையக்காவின் சாம்பார்.

மொத்தத் தெருவும் மைக்செட்டைப் பார்த்தது. அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஆமா சார், தப்பாட்டம்தான். அந்தாளு சீட்டப் பாத்துதான் படிச்சேன். நேத்து தட்டு சத்தம் வராதப்போ எனக்கு உசுரே இல்ல. அவன் இன்னிக்கு ஒருவாட்டி கெலிக்கட்டுமேன்னு நெனச்சேன். இன்னா இப்போ?”

செயலாளர் உள்ளே போய் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, “ஃபுல் ஹவுஸ் செல்லும்!” என்று அடித்தார் பாருங்கள், மற்ற மாடிகளும் சேர்ந்துகொண்டன.

கயிறு கட்டி இறக்கிய என் வாளியில் பரிசு ஏறி வந்தது. எட்டு மெதுவடை, சூடாக. நான் ஒன்றைக் கடித்தேன்.

“வடை எப்டி கீது நைனா?” ஆறு ஸ்பீக்கரும் கேட்டன.

காய்ச்சலோடு என் நாக்கும் செத்துப் போயிருந்தது. உப்பும் தெரியவில்லை, மிளகும் தெரியவில்லை. “பிரமாதம் அண்ணாச்சி!” என்று இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன். எட்டையும் ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். அதைவிட ருசியான வடையை நான் இதுவரை தின்றதில்லை.