பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர்

ஐம்பத்தோராவது வயதில், மூன்றே முக்கால் பேர்ச் காணியும் அதன்மேல் ஒரு பழைய வீடும் ஒருவருடைய பெயருக்கு எழுதப்படும்போது, அவருடைய இடுப்பில் ஓர் அளவு நாடா முளைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று மருத்துவர்கள் இன்னும் ஆராயவில்லை. முந்திய நாள்வரை பல்ப் மாற்றுவதற்கே ஆள் கூப்பிட்டவர். பிறர் வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் குழாய் ஒழுகினால் "வீட்டுக்காரரிட்ட சொல்லு" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னவர். காணி உறுதியில் கையொப்பமிட்ட மறுநாள் சுவர்களைத் தட்டத் தொடங்குகிறார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதை வைத்து அரை நிமிடம், பிறகு ஒரு "ம்ம்". சுவர் என்ன சொன்னது? அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த இனத்தைப் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர் என்று அழைக்கலாம். மேசன் வேலை செய்வார், இவர் பக்கத்தில் நிற்பார். மேசன் குனிந்தால் இவரும் குனிவார். மேசன் மட்டம் பார்த்தால், அதே கல்லின்மேல் தன்னுடைய போனை வைத்து அதிலுள்ள மட்டத்தையும் பார்ப்பார்; இரண்டும் ஒத்திருந்தால் மேசனுக்கு நல்ல காலம் என்று தலையாட்டுவார். வீடு பார்க்க வரும் உறவினர்களுக்கு இவர் முதலில் எதைக் காட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? வரவேற்பறையையா? இல்லை. தண்ணீர் மோட்டார், மெயின் சுவிட்ச், பிறகு மூடியைத் தூக்கி, கழிவுநீர்க் கான். பட்டுச் சேலையுடன் வந்த சித்தி அதை எட்டிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லும்வரை மூடி மூடப்படாது.

படிப்பு? அதற்கும் குறைவில்லை. ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஒருவர் பலகைச் சுவரைப் பெயர்த்துக் கூடத்தை விசாலமாக்கும் வீடியோக்களை இவர் நாற்பது மணித்தியாலம் பார்த்திருக்கிறார். அதனால்தான் எந்தச் சுவரைப் பார்த்தாலும் "இது லோட் எடுக்கிற சுவர்" என்கிறார். மதிலைக்கூட.

உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம். கொட்டாஞ்சேனையில் சென்ற வருடம் வீடு வாங்கிய ஹியூபேட்டைப் பாருங்கள். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். மனைவி செலீன் ஹெவ்லொக் டவுனில் பாலர் பாடசாலை ஆசிரியை. பத்தொன்பது வருடங்கள் வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸிலிருந்து இன்னோர் அனெக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தவர்கள். மூன்று அனெக்ஸ்களிலும் குசினிக்கு யன்னல் இல்லை. ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒன்று கார் நிறுத்திய இடம். மூன்றாவதைப் பற்றி, அது முன்பு குளியலறையாக இருந்தது என்பதற்குமேல் செலீன் எதுவும் பேச விரும்புவதில்லை. புதிதாக வாங்கிய வீட்டின் குசினியும் மூன்று பக்கச் சுவரும் ஒரு வாசலுமாக, இருட்டாகத்தான் இருந்தது.

"எனக்கு மார்பிளும் வேணாம், பென்ட்ரி கபேர்ட்டும் வேணாம்" என்றார் செலீன். "குசினிக்கு ஒரு யன்னல். சமைக்கேக்க வெளியில பாக்கோணும்."

"வெளியில என்ன இருக்கு? கானும் மதிலும்தானே."

"அந்தக் கானைத்தான் பாக்கப் போறன்."

கேட்டது அவ்வளவுதான். இடித்த பழைய வீடொன்றிலிருந்து ஒரு யன்னல் சட்டம் வாங்கி வந்து கூடத்தில் சாத்தி வைத்தார்கள். ஹியூபேட்டின் ஒன்றுவிட்ட சகோதரர் றொஹான் ஒரு மேசனின் நம்பர் தந்தார். மேசனை இங்கே பாஸ் என்றுதான் அழைப்போம். "ரொனி பாஸ். ஹெந்தளையில இருக்கிறார். தனியாள்தான், ஆனா கை சுத்தம்" என்றார் றொஹான். வேறெதுவும் சொல்லவில்லை. ஹியூபேட்டும் வேறெதுவும் கேட்கவில்லை.

"ஹலோ, பாஸ்த?" என்று ஹியூபேட் சிங்களத்தில் தொடங்கினார்.

"ஒவ், சேர்" என்றது மறுமுனை, சிங்களத்திலேயே.

அவ்வளவுதான், மொழி தீர்மானமாகிவிட்டது. பாஸ் என்றால் சிங்களம். இது ஹியூபேட்டின் கொள்கை. அவருடைய சிங்களம் பஸ்ஸிலும் மீன் கடையிலும் படித்தது. பேரம் பேசவும் இறங்கவும் போதும். ரொனி மன்னாரில் பிறந்து, கலியாணம் கட்டி ஹெந்தளைக்கு வந்தவர். அவருடைய சிங்களம் சீமெந்து, மணல், நாளைக்கு வருகிறேன் என்பவற்றுக்குள் அடங்கியது. வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் செலீனின் அழைப்புகளை ஹியூபேட் ஒழுங்கையில் நின்றுதான் பேசினார். ஆகவே பதினொரு நாட்கள், இரண்டு தமிழர்கள் ஒரே குசினியில் நின்று, தங்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். விளங்காத இடத்திலெல்லாம் ஒருவர் "ஹரி" என்றார். சரி என்று பொருள். மற்றவர் "ஹரி, ஹரி" என்றார்.

"பாஸ்ட சிங்களம் சரியான ஆழம். தெற்குப் பக்கத்துக் கிராமத்து ஆள் போல" என்று ஹியூபேட், இன்னும் காலி செய்யாத அனெக்ஸுக்குத் திரும்பிச் சொன்னார்.

"அந்த வீட்டுக்கார மஹத்தயா இலக்கணச் சிங்களம் கதைக்கிறார். பெரிய படிப்பாளி போல" என்று ரொனி தன் வீட்டில் சொன்னார்.

நிலத்துக்குப் பூச்சு, கூரைக்கு இரண்டு ஓடு, வாசல்படி என்று பத்து நாட்கள் போயின. ஹியூபேட் அலுவலகத்தில் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். யன்னலுக்கு மிஞ்சியது வெள்ளியும் சனியும்தான். திங்கட்கிழமை ரொனிக்குக் களுபோவிலையில் ஒரு மாடி வீடு தொடங்குகிறது. அங்கே போன பாஸ் எப்போது திரும்புவார்? உங்கள் அனுபவத்தில் எந்தப் பாஸ் திரும்பியிருக்கிறார்?

பதினோராம் நாளான வியாழக்கிழமை மாலை ஹியூபேட் யன்னலுக்குக் கட்டளையிட்டார். சாதாரண மனிதரென்றால் விரலை நீட்டி "இந்தச் சுவர்" என்றிருப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு விரல் ஒரு கருவி அல்ல. அவர் போனை உள்ளங்கையில் தட்டையாகப் பிடித்து, திசைகாட்டியைத் திறந்து, மூன்று தரம் சுற்றி நின்று, காற்று தெற்கிலிருந்துதான் வரும் என்று முடிவு கட்டினார். குசினி வாசலில் நின்றால் நேரே எதிரில் தெரிவது தெற்குச் சுவர்; அதற்கு வெளியே செலீனின் கான்.

"பாஸ், தகுணு பித்திய கடன்ன" என்றார். தகுணு சுவரை உடையுங்கள்.

சிங்களத்தில் தகுணு என்றால் தெற்கு. வலது என்றாலும் அதே தகுணுதான். ரொனிக்குத் தெரிந்தது இரண்டாவது. வாசலில் நின்றபடி தன் வலது கைப் பக்கம் பார்த்தார். அது பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொதுவான சுவர்.

"சேர், எஹா பெத்தே மினிஸ்ஸு இன்னவா." அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எச்சரித்தார்.

தனியாளாக வேலை செய்கிறாரே, இன்னும் இரண்டு பேர் இருந்தால் கெதியாக முடியுமே என்று பதினொரு நாளாக முறையிட்டுக்கொண்டிருந்த ஹியூபேட்டுக்குக் கேட்டது 'ஆட்கள் இருக்கிறார்கள்' என்பது மட்டும்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஹொந்தாய், ஹொந்தாய்! எயாலத் எக்க கரமு." நல்லது, அவர்களோடும் சேர்ந்தே செய்வோம்.

பக்கத்து வீட்டோடு பேசி முடித்துவிட்டார்கள் என்று ரொனி விளங்கிக்கொண்டார். இரண்டு குசினிக்கும் நடுவில் ஒரு யன்னல். கொழும்பு ஆட்கள், எதுவும் செய்வார்கள்.

"ஹரி, சேர்."

"ஹரி, பாஸ்."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சுவரில் உளி இறங்கியது. அப்போது ஹியூபேட் எங்கே நின்றார் என்று கேட்பீர்கள். அன்றுவரை அந்த ஒரு முறைதான் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பின்புறம் போய், தெற்குச் சுவருக்கு வெளியே, கானுக்கு மேலே காலை அகட்டி நின்று, முதல் கல் வெளியே விழுவதைப் பிடிக்கப் போனில் வீடியோவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே அடி விழுந்தது. சுவர் அசையவில்லை. இன்னும் அடி. ஒரு தூசிகூட உதிரவில்லை.

"அந்தக் காலத்துச் சுவர்" என்று வீடியோவுக்குச் சொன்னார். "கட்டினா இப்பிடிக் கட்டோணும்."

அடுத்த அடிக்குப் பிறகு அலறல் கேட்டது. அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

ஹியூபேட் உள்ளே ஓடி வந்தபோது வலது பக்கச் சுவரில் இரண்டடி அகல ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் ஒரு ரைஸ் குக்கர், அதன்மேல் அரைச் செங்கல், அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு மஸாஹிரா, கையில் அகப்பையோடு.

"யா அல்லாஹ்! யாரு இது? எங்கட குசினிக்குள்ள எந்தத்துக்கு ஜன்னல் போடுற?"

"ஐயோ, மடு மாதாவே!" என்றார் ரொனி. உளி கீழே விழுந்தது.

"மாதாவே, என்ன வேலை பாத்து வச்சிருக்கு!" என்றார் ஹியூபேட்.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாஸ், நீங்க தமிழா?"

"சேர், நீங்க தமிழா?"

"ரெண்டு பேரும் தமிழ்தான்" என்றார் மஸாஹிரா ஓட்டை வழியாக. "இப்ப என்ட செவருக்குப் பதில் சொல்லுங்க."

ஜும்மாவுக்குப் புறப்பட்டுத் தொப்பியோடு வந்த அவருடைய கணவர் பஸீர், ஓட்டைக்குள் குனிந்து இந்தக் குசினியை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "நான் பள்ளிக்குப் பெய்த்து வார நேரத்துக்குள்ள செவர் இரிக்கோணும்" என்றார். போனார்.

பஸீர் திரும்பி வந்தபோது கல் கட்டியாகியிருந்தது. பிற்பகல் முழுதும் இரண்டு பக்கமும் பூச்சு. அப்படியாக வெள்ளிக்கிழமை, இருந்த சுவரை இருந்தபடியே வைப்பதில் கழிந்தது. அன்று ஹியூபேட்டுக்கு இன்னொரு இழப்பும் நேர்ந்தது. தமிழில் பேசத் தொடங்கிய நிமிடத்திலிருந்து ரொனி அவரை "சேர்" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார். பதினொரு நாளாக அவர் சொல்ல விரும்பி, சிங்களத்தில் சொல் கிடைக்காமல் இருந்த வசனம் இதுதானாம்.

சனிக்கிழமை பாடசாலை இல்லை. செலீன் நேரத்தோடே வந்தார். நடந்ததைக் கேட்டார். கணவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தீர்களானால் உங்களுக்குப் பத்தொன்பது வருட அனெக்ஸ் வாழ்க்கை தெரியாது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கைப்பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்தார். நேர் எதிர்ச் சுவரில் நான்கு கோடு கீறினார்.

"தம்பி, இதுக்குள்ள."

"சரியக்கா."

முழு உரையாடலும் இவ்வளவுதான்.

"செலீன், அது லோட் எடுக்கிற சுவர்..." என்று ஹியூபேட் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்க, யன்னல் கதவுக்குப் பிணைச்சல் ரெண்டு குறையுது. ஹாட்வெயாருக்குப் போயிட்டு வாங்க."

போனார். வந்தார். ஆணி குறைந்தது. போனார். வந்தார். இப்போது சீமெந்து அரை மூட்டை குறைகிறது என்றார்கள். அதைத் தோளில் சுமந்துகொண்டு நாலரை மணிக்கு அவர் திரும்பியபோது குசினிக்குள் வெளிச்சம் இருந்தது. சட்டம் ஏறி, கதவு இரண்டும் திறந்திருக்க, அதற்கு முன்னால் செலீன் நின்றார்.

"என்ன தெரியுது?" என்று ஹியூபேட் கேட்டார்.

"கான்" என்றார் செலீன், திரும்பாமலே. பக்கத்தில் வந்து நிற்கப் போனவரிடம், "அங்கால நில்லுங்க, காத்த மறைக்கிறீங்க" என்றார்.

திங்கட்கிழமை ரொனி களுபோவிலைக்குப் போனார். அதற்கு முந்திய நாள், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், வீடு வாங்கப் போகும் ஒருவருக்கு ஹியூபேட் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்: "யன்னல் வைக்கிறதெண்டா தெற்கால வையுங்கோ. காத்து எப்பிடி வருதெண்டு எங்கட வீட்ட வந்து பாருங்கோ, நான்தான் பக்கத்தில நிண்டு செய்விச்சனான்." பொய் என்று சொல்ல முடியுமா? சுவரின் மற்றப் பக்கமும் பக்கம்தானே.

நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் தெற்குச் சுவர் எது, வலது சுவர் எது என்று மேலே வாசித்தபோது உங்கள் தலை மெல்ல உங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் திரும்பியதே, அது எதற்காக? 'நானென்றால் அந்தப் பாஸிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் தெரியுமா' என்று மனதுக்குள் ஒரு வசனம் ஓடியதே, அது எந்த மொழியில் ஓடியது?

குளியலறைக்கு டைல் பதிக்கும் பாஸ் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார். ஹியூபேட்டுக்கு இன்னும் மூன்று நாள் லீவு மிச்சமிருக்கிறது.