திட்டு வாங்காமல் போனவர்

காயா, ஆற்றுக்கு இக்கரை
அவர் போன முப்பத்தோராம் நாள்

அக்கரை மலான்வில்லில் தையல் கடை வைத்திருக்கும் மரியாதைக்குரிய ஜிபோ அண்ணனுக்கு, மச்சான் மனைவியும் தங்கை முறையுமான பிபாதா ஸலாம் சொல்லி எழுதுவது.

உடம்பு சுகமா? வீடு சுகமா? அண்ணி சுகமா? வேலைக் களைப்பு எப்படி? வெயில் எப்படி? இந்த வெயில் இரண்டு கரைக்கும் ஒன்றுதான், அதனிடம் இன்னும் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பது முறை என்பதால் கேட்டேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஏழாம் நாள் முடிந்ததும் பிள்ளைகள் நியாமேக்குத் திரும்பிவிட்டார்கள், அதனால் 'எல்லாரும்' என்றால் இப்போது நானும் ஒரு ஆடும்தான்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வரலாமே என்றால் நான் புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. அதனால்தான் கடிதம். பெண்களுக்கான எழுத்து வகுப்பில் இரண்டு மழைக்காலம் படித்ததை வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்தியாரம்மாவைத் திட்டுங்கள். அவரும் பாதியில் போய்விட்டார், வகுப்புக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டியதோடு. கூட்டல் வரை வந்திருந்தோம், கழித்தலை நாங்களாகவே கற்றுக்கொண்டோம்.

அண்ணே, நீங்கள் மனம் வைத்துக் கேட்க வேண்டும். இன்னும் ஒன்பது நாளில் எங்கள் வீட்டுக்காரருக்கு நாற்பதாம் நாள். அன்றைக்காவது நீங்கள் வந்து அவரைத் திட்ட வேண்டும். முறை மச்சான் வாசலில் படுத்துத் திட்டாமல் நம் ஜனத்தில் யாரையாவது அடக்கத்துக்குத் தூக்கியதுண்டா?

அவர் உங்கள் அத்தை மகன், நீங்கள் அவருக்குத் தாய்மாமன் மகன். ஐம்பது வருஷமாக ஒருவரை ஒருவர் 'பயறு தின்னி', 'என் அடிமை', 'கழுதைக் காது' என்று கூப்பிட்டுக்கொண்டு பாலத்தின் இரு பக்கமும் சந்தோஷமாக இருந்தவர்கள். உங்கள் பெரியண்ணன் இறந்தபோது எங்கள் வீட்டுக்காரர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? சுங்கக்காரர், "முன்காய்லா, தலையணை எதுக்குய்யா?" என்று கேட்டார். "வேலை விஷயமா போறேன்" என்றார் இவர். அங்கே வந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "என் கறுப்புக் கடாவைத் தின்னவன் இவன், கடா வராம ஜனாஸா நகராது" என்று கத்தி, உங்கள் அம்மா அழுகையோடு அழுகையாகச் சிரித்து, கைநிறையக் கோலாக்கொட்டை கொடுத்த பிறகுதானே எழுந்தார்? அந்தச் சிரிப்பில்தானே உங்கள் அம்மா அன்று சாயந்திரம் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்?

இவருக்கு அது கிடைக்கவில்லை. வாசலில் யாரும் படுக்கவில்லை. தூக்கினார்கள், போய்விட்டார்கள். முன்காய்லா மாதிரி ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காக எங்கேயும் போனதில்லை.

எல்லாம் இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள இந்தப் பாலத்தால் வந்தது அண்ணே. முதலில், இங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததற்குத் தண்டனை என்று அக்கம்பக்கத்து நாடுகளின் கூட்டமைப்புக்காரர்கள் மூடினார்கள். பிறகு உங்கள் பக்கம் திறந்தார்கள், எங்கள் பக்கம் திறக்க மாட்டோம் என்றார்கள். பிறகு கூட்டமைப்பே வேண்டாம் என்று எங்கள் நாடு விலகிவிட்டது. ரோஷத்துக்கு ஒரு கதவு போதாதா, இரண்டு கதவையும் சாத்திவிட்டு நடுவில் முதலையை விட்டது போல் ஆயிற்று. சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் மின்சாரத்தை நிறுத்தியபோது, மருந்து லாரி அக்கரையில் நின்றபோது எனக்கும் வயிறு எரிந்தது. வயிறு எரிந்தவள்தான் பிறகு ஊர்வலத்தில் போய் ஆடினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் வேலை உங்களுக்குத் தெரியும். சுங்கச் சாவடியில் லாரிகளின் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்ப்பது, சோதனை முடிந்ததும் கட்டுவது. பாலம் மூடியதும் லாரி இல்லை. ஆனால் இவர் தினமும் காலையில் முகம் கழுவிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "எங்கே போறீங்க, காக்கா கூட இல்லையே அங்கே?" என்றால், "திடீர்னு திறந்துட்டா முதல் லாரிக்குக் கயிறு அவிழ்க்க ஆள் வேணாமா?" என்பார். சாயந்திரம் வருவார், கை சும்மா இருக்காது, வீட்டில் உள்ளதையெல்லாம் கட்டுவார். தண்ணீர்ப் பானையைக் கட்டினார். கதவைக் கட்டினார். ஆட்டைக் கட்டிய முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரை நாள் அது கட்டிலோடு நடந்தது. பக்ரீத்துக்கு உங்களுக்கென்று கோலாக்கொட்டை வாங்கி ஒரு பையில் போட்டு, அதையும் லாரி முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்தார். கோலாவும் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டியதுதானே, கிடைத்தது பாதி சுருங்கிப்போன கொட்டை. "இது ஜிபோவுக்கு. எவளும் தொடக்கூடாது." எவளும் என்றால் நான்தான்.

அரிசியைச் சொல்கிறேன் கேளுங்கள். ஆற்றங்கரையில் நின்றால் உங்கள் ஊர் அரிசிக் கிடங்கின் தகரக் கூரை எனக்குத் தெரியும். அந்த அரிசி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? கடலோரமாக லோமே போய், அங்கிருந்து வடக்கே ஏறி, பர்க்கினா வழியாகப் பட்டாளக் காவலோடு, வாரக்கணக்கில் சுற்றி என் வாசலுக்கு வந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவளுக்குக் கால் பிடித்துவிடுவது போல அந்த மூட்டையைத் தடவிக் கொடுத்தேன். என்னைவிட அதிக ஊர் பார்த்த அரிசியைப் பொங்க மனம் வரவில்லை. என் கடலை எண்ணெயும், பிண்ணாக்கை உருட்டிப் பொரித்த குலிகுலியும் இரண்டு வருஷமாக உங்கள் சந்தைக்கு வரவில்லை. இங்கே யாருக்கு விற்பது? தெருவில் பாதிப் பேர் குலிகுலி பொரிக்கிறவர்கள். நான் அவளிடம் வாங்க, அவள் என்னிடம் வாங்க, கடைசியில் இருவருக்கும் வயிற்றுப்போக்கு.

அவர் போனது ஒரு வியாழக்கிழமை. விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், நான் வெந்நீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. உச்சிக்குள் அடக்கம் என்றார்கள். உங்களுக்குச் சொல்ல நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் வந்ததும் சிக்னல் இல்லை. சிக்னல் வந்ததும் காசு இல்லை. ஆற்றில் ரோந்து இருந்ததால் அன்று படகே ஓடவில்லை. நான் என்ன செய்வேன் அண்ணே, பறந்தா வருவேன்?

முறை மச்சான் இல்லாமல் எப்படி என்று கிழவர்கள் கூடிப் பேசி, தோஸோ பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் இனத்துக்கும் நம் இனத்துக்கும் கேலி முறை உண்டாம். நல்ல மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் படுக்கச் சொன்னார்கள், மண்ணைப் பார்த்துவிட்டுக் குந்தினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "மறைந்த முன்காய்லா அவர்கள் ஓரளவு சோம்பேறி என்று கேள்விப்பட்டேன், குடும்பத்தார் மன்னிக்க வேண்டும்" என்று வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர், "சத்தமா சொல்லுங்க வாத்தியாரே" என்றார். வாத்தியார் சத்தமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு அவரே அழுதுவிட்டார், அவருடைய அப்பா ஞாபகம் வந்துவிட்டதாம். கடைசியில் எங்கள் வீட்டுக்காரருக்காக அழ வந்தவர்கள் வாத்தியாரைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் உங்களுக்குச் செய்தி தெரிந்து, அக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று, "டேய் பயறு தின்னி! என் கடா எங்கேடா?" என்று கத்தினீர்களாம். படகுக்காரன் காடோ சொன்னான். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. சலவை செய்தவர்கள் யாரோ பைத்தியம் என்று நினைத்தார்களாம். பிறகு அவனிடம், "அவ நாற்பதுக்கு நான் வரமாட்டேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர் நாற்பது என்று சொல்லவில்லை, அவ நாற்பது என்றீர்கள். உறைத்தது.

ஊர்வல விஷயம்தானே உங்கள் மனதில்? விலகுகிறோம் என்று அறிவித்த மறுநாள் முன்வரிசையில் நான் ஆடியதை உங்கள் ஊர் டீக்கடை டிவியில் காட்டினார்கள். நீங்கள் போன் செய்து, "தங்கச்சி, நல்லா இடுப்பை வளைச்சு என்னையும் சேர்த்து விரட்டிட்டியே" என்று சிரித்தீர்கள். அது கேலி. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் திருப்பி நாலு சொல்லியிருப்பார். நான் கேலிக்குக் கேலி சொல்லத் தெரியாதவள், நிஜத்தைச் சொன்னேன். "உங்க நாட்டுச் சோறும் வேணாம், நீங்களும் ஆத்தைத் தாண்டிக் காலெடுத்து வைக்க வேணாம்" என்றேன். நம் ஜனத்தில் யாராவது மச்சான் கேலிக்குக் கோபிப்பார்களா? நான் கோபித்தேன். எங்கள் வீட்டுக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "நாடு விலகினா விலகட்டும், நீ எதுக்குடி ஜிபோவை விட்டு விலகினே?" என்றார். ஊர்வலத்தில் இலவசமாகக் கொடுத்த நாட்டுப் படம் போட்ட துணி முதல் சலவையிலேயே சுருங்கி நாடு பாதியாகிவிட்டது. ஆட்டுக்குப் போர்த்தியிருக்கிறேன், அதற்கும் பத்தவில்லை.

நான் சொன்னது தப்பு. ஆனால் அடக்கத்துக்கு உங்களைக் கூப்பிடாமல் போனது என் தப்பு இல்லை, பாலத்தின் தப்பு, கூட்டமைப்பின் தப்பு, போனின் தப்பு, படகின் தப்பு. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

அண்ணிக்கு என் ஸலாம். உங்கள் தையல் மெஷின் அறுந்த நூல் இல்லாமல் ஓடட்டும், கண் பார்வை குறையாமல் இருக்கட்டும், உங்கள் வாய்க் கொழுப்பும் அல்லாஹ் புண்ணியத்தில் குறையாமல் இருக்கட்டும்.

தங்கை
பிபாதா

பின்குறிப்பு: காடோ வாசலுக்கு வந்துவிட்டான். ரோந்துக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன். படகு ஓடவில்லை என்ற இடத்தில் கையைத் தூக்கினான். "அக்கா, அன்னிக்கு நான் மூணு நடை போனேனே. முதல் நடைக்கு முன்னாடி இந்த வாசல்ல நின்னு, ஜிபோ அண்ணன்கிட்ட சொல்லணுமான்னு கேட்டேனே. நீங்க வேணாம்னு தலையாட்டினீங்களே" என்றான். "எழுதினதை எழுதினபடி கொண்டு போடா" என்றேன். "பொய்யை ஏத்தினா படகு கவுந்துடும்" என்கிறான் தடியன்.

வேறு தாள் இல்லை, அதனால் கிழிக்காமல் இதன் அடியிலேயே எழுதுகிறேன். போனில் சார்ஜ் இருந்தது அண்ணே. சிக்னலும் இருந்தது, காசும் இருந்தது. நீங்கள் வந்து வாசலில் படுத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் முன்னால், "என்னை ஆத்தைத் தாண்டாதேன்னவ இவதான், இப்ப எதுக்குடி கூப்பிட்டே?" என்று கேட்டால் என் முகத்தை எங்கே வைப்பேன் என்று பயந்தேன். என் ஒரு முகத்துக்காக அவரைத் திட்டில்லாமல் அனுப்பிவிட்டேன். பாலத்தை மூடியது நாமா அவர்களா என்று ரேடியோவில் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்த வியாழக்கிழமை மூடியது நான்தான்.

கோலாப் பை அவர் கட்டிய முடிச்சோடு அப்படியே ஆணியில் தொங்குகிறது. எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. காடோவிடம் போக ஒரு ஆள் கூலியும் வர இரண்டு ஆள் கூலியும் கொடுத்துவிட்டேன். தலையணை கொண்டு வர வேண்டாம், அவருடையது இருக்கிறது. முதலில் அவரைத் திட்டுங்கள், பிறகு என்னை. சத்தமாகத் திட்டுங்கள்.