பாய்லர் மாமா போட்ட பிளான்கள்

பம்பாயில் எத்தனையோ பித்துக்குளிகளைப் பார்த்திருக்கிறேன். நீராவிமேல் பித்துப் பிடித்தவர் பாய்லர் மாமா ஒருவர்தான். மாதுங்காவில் ஏதாவது ஓட்டலைத் தாண்டும்போது நமக்கெல்லாம் காபி மணக்கும். மாமா மட்டும் சமையல்கட்டைப் பார்த்து, "அநியாயம்டா! எவ்வளவு ஸ்டீம் வீணாப் போறது பாரு!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அவர் பாய்லரைத் தொட்டதே இல்லை. செம்பூர்ப் பக்கம் கரி எரித்து மின்சாரம் செய்த ஒரு பழைய பவர்ஹவுஸில் அவர் குமாஸ்தா, நான் டைப்பிஸ்ட். பாய்லர் பக்கம் போனாலே அவருக்குத் தலை சுற்றும்.

பித்து பிடித்தது அறுபதுகளின் நடுவில். வேறொரு பெரிய நிலையத்திலிருந்து கரண்ட் மலிவாக வந்ததால் எங்களுடையதை மூடப்போவதாக அறிவித்தார்கள். நாற்காலிக்காரர்களான எங்களுக்கு ஹெட் ஆபீஸில் இடம் இருந்தது. அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர்கள் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர்கள். "இந்த இடத்தில் புதிதாக எது வந்தாலும், அதில் பாய்லர் இருந்தால் உங்களுக்கு வேலை உண்டு" என்று மானேஜர் அவர்களிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். மாமா மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து பிளான் போட ஆரம்பித்தார். ஊரிலுள்ள ஆஸ்பத்திரித் துணியெல்லாம் நீராவியில் வெளுக்கும் சலவைச்சாலை என்றார். பிறகு பம்பாய் முழுவதற்கும் ஒரே இட்லித் தொழிற்சாலை என்றார். மானேஜர் சிரித்தார். சிரித்தவரை மாமா விடுவாரா? இன்னும் அணையாமலிருந்த கடைசி பாய்லரிலிருந்து கரி ஆட்களை விட்டு ஒரு குழாயை இழுத்து, மாமி அரைத்த மாவை வைத்து, அவர் கண்ணெதிரிலேயே செய்து காட்டினார். முதல் ஈடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஈட்டை மானேஜர் ஒரு வாய் கடித்தார்.

"யே இட்லி ஹை, யா கிரீஸ்?" இது இட்லியா, கிரீஸா என்று கேட்டார்.

"சாம்பார் விட்டுண்டா தெரியாது சார்!"

இடம் பார்க்க யார் வந்தாலும் மாமா பின்னாலேயே ஓடினார். கிடங்கு கட்ட வந்த ஒரு சாயக் கம்பெனி முதலாளியை வழிமறித்து, "பாய்லர் இருக்கு, சிம்னி இருக்கு, தண்ணி இருக்கு. இங்கேயே சாயம் காய்ச்சுங்கோளேன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்துக்கொள்வதற்காகவோ என்னவோ, அவரும் தலையாட்டினார். ஆச்சரியம், அப்படியே நடந்தது. பாய்லரோடு சேர்த்து இடம் கைமாறியது.

அன்றைக்குக் கரி ஆட்கள் மாமாவைத் தோளில் தூக்கி ஆடினார்கள். அவர்களில் மூத்தவரான சுடலைமுத்து, "சாமி, ஒங்களுக்கு எங்க கோயில்லயே ஒரு பீடம் போட்டுருதோம்!" என்றார்.

"பீடம் கிடக்கட்டும், முதல்ல என்னைக் கீழே இறக்குங்கோ! வேஷ்டி அவிழறது!"

புதுக் கம்பெனி, வேலையில் சேர்க்குமுன் எல்லோருக்கும் மார்பை எக்ஸ்ரே படம் எடுத்தது. ஒருவர்கூடத் தேறவில்லை. அத்தனை பேர் நெஞ்சிலும் கரித்தூள். அதே அடுப்புக்கு முன்னால் நின்று சேர்த்த தூள்தான். அந்த அடுப்புக்கு இனி லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். வேறு ஊரிலிருந்து திடமான ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமாவின் பாய்லர் ஜோராகப் புகைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாமா வீட்டில் இருந்தபோது, சுடலைமுத்துவும் மற்றவர்களும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். மாடிப்படி ஏறி வந்ததில் ஆளாளுக்கு இருமல். பேச்சு வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"சாமி ரெண்டு நாளாச் சாப்பிடலன்னு சொன்னாவ. வேல போனது எங்களுக்குல்லா? நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கிய?"

வேலை போனவர்கள் ஆறுதல் சொல்ல, வேலை இருக்கிறவர் குழந்தை மாதிரி அழுதார். மாமி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். சுடலைமுத்து ஒரு பழத்தை உரித்து மாமா கையில் வைத்து, தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஹெட் ஆபீஸில், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், மாமா புதுக் காகிதம் ஒன்றை மேஜையில் விரித்தார்.

"ஏண்டா, அவாளுக்கு மூச்சே வாங்காத தொழில் ஒண்ணு சொல்லேன்."

"தையல், மாமா?"

"பஞ்சுத் தூசி."

"வாட்ச்மேன்?"

"ராத்திரிக் குளிர்ல இன்னும் இருமுவான். வேற சொல்லு."

மாமா விடுவதாக இல்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷரைத் தனியே விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.