பழைய ஓட்டுநரை நீக்கவும்

"பத்தொன்பதாம் பக்கத்துல போட்டபடியே செஞ்சுட்டோம்மா. கொதிகலன் பக்கத்துல இருந்த மெஷினை நாலு பேரா தூக்கிட்டுப் போய் மூணாம் துறையில வெச்சாச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல எடை வரல."

தொலைபேசியில் பேசியது சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் சூப்பர்வைசர். கேட்டுக்கொண்டிருந்தவள் எடை மெஷின் விற்கும் கம்பெனியில் கையேடுகளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர். அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். சர்வீஸ் மேனேஜர் அதை எந்த அர்த்தத்தில் வைத்தாரோ, அவள் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

"எந்த மூணாம் துறை?"

"பேக்கிங்தான். இங்க ஒண்ணாம் துறை கொதிகலன், ரெண்டாம் துறை வார்ப்பு, மூணாம் துறை நாங்க. 'கருவியை மூன்றாம் துறையில் இணைக்கவும்'னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

எழுதியது அவள்தான். கம்ப்யூட்டரின் முதுகில் ஒயர் சொருகும் ஓட்டைக்குத் துறை என்று பெயர் வைத்து, கப்பல் வந்து சேருமிடம்போல எவ்வளவு பொருத்தம் என்று தனக்குத் தானே ஒரு காபி வாங்கிக் குடித்தவள்.

"உங்க மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர்தாம்மா கையெழுத்துப் போட்டாரு. புத்தகத்துல இருக்கறதை எழுத்து மாறாமச் செய்யணும், இல்லேன்னா வாரண்டி போயிடும்னு அவருக்குப் பயம்."

சர்வீஸ் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பேசாம போர்ட்டுன்னே போட்டுடு."

"சார், அந்தத் தொழிற்சாலையில துறைன்னா வேற அர்த்தம். அது என் தப்பில்லை. ஒரே ஒரு சொல்லை மாத்தினா போதும்."

அன்றே திருத்தம் போனது. துறை இனி வாசல். தகவல் வந்துபோகும் வழி, அதனால் வாசல். குழப்பத்துக்கு இடமே இல்லை.

இரண்டாம் நாள் சூப்பர்வைசர் அழைத்தார்.

"மூணாவது வாசலை எப்பவும் திறந்தே வைக்கணும்னு வந்துதும்மா. திறந்துட்டோம்."

அகராதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாத்தீங்களா? எடை வருதா?"

"வரல. பின்பக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்த மாதிரி ஒரு கேட் உண்டு, மூணாம் நம்பர் வாசல். வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்தது. பூட்டு துருப்பிடிச்சு, கடைசியில அறுத்துத்தான் எடுத்தாங்க."

அகராதி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். இந்த முறை சொல்லுக்குப் போகாமல் நோய்க்கே போவோம் என்று தீர்மானித்தாள். எடை வராததற்கு, மெஷினோடு பேசக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் பழுதாகியிருக்கலாம். அதைப் புத்தகத்தில் 'இயக்கி' என்று எழுதியிருந்தாள். 'இயக்கியை நீக்கவும்' என்றால் எதையோ இயக்கிவிட்டு நீக்கச் சொல்வதாக இந்த மகானுபாவர்கள் நினைத்தாலும் நினைப்பார்கள். முன்யோசனையோடு மாற்றினாள்: 'பழைய ஓட்டுநரை உடனே நீக்கிவிட்டுப் புதிய ஓட்டுநரை நிறுவவும்.'

"அகராதி, இது வேண்டாமே" என்றார் சர்வீஸ் மேனேஜர்.

"சார், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்."

குழந்தைக்குப் புரிந்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே அழைப்பு வந்தது.

"நீக்கிட்டாங்கம்மா" என்றார் சூப்பர்வைசர், அதே நிதானத்தோடு. "எங்களை ஏத்திட்டு வர்ற வேனுக்குப் பதினெட்டு வருஷமா இருந்த டிரைவர். இன்னிக்குப் புது ஆள் வந்தாச்சு. ஆனா எடை மட்டும்…"

"நானே வர்றேன்" என்று அகராதி ஃபோனை வைத்தாள்.

பஸ்ஸில் போகும்போது முதல்முறையாக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு சொல் பிசகினால் ஒயர் மாறும் என்று தெரியும். ஒரு மனுஷனின் வேலை போகும் என்று எந்தக் கலைச்சொல் வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

தொழிற்சாலை மேனேஜர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "இருபத்திரண்டாம் பக்கம். கைகுலுக்கல் முடிஞ்ச பிறகுதான் ரெண்டு தரப்பும் பேச ஆரம்பிக்கணும். இப்பெல்லாம் எல்லா வொர்க்கருக்கும் கை கொடுத்துட்டுத்தான் பேசறேன்."

"சார், அது மெஷினுக்குச் சொன்னது. அந்த டிரைவர் எங்கே?"

"நீக்கச் சொன்னீங்க, நீக்கியாச்சு. வீட்டுக்கு அனுப்ப மனசு வரல. ஸ்டோர்ல உட்கார வெச்சிருக்கேன்."

ஸ்டோரில் அந்த மனிதர் சரக்குப் பட்டியலை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அகராதி தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டாள்.

"அட, விடுங்கம்மா" என்றார் அவர். "டீ சாப்பிடறீங்களா?"

என்ன பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேரே பேக்கிங் அறைக்குப் போனாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெஷின், பக்கத்தில் கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவே எதிலும் சொருகாமல் தொங்கும் ஒயர். குனிந்து மூன்றாவது ஓட்டையில் சொருகினாள். திரையில் எடை வந்து நின்றது.

"ஓ, அதைத்தான் சொன்னீங்களா" என்றார் சூப்பர்வைசர், ஒயரைப் பார்க்காமல்.

"தப்பு என்மேலதான்" என்றாள் அகராதி. இப்படி ஒரு வாக்கியத்தை அவள் சொல்லி அவளே கேட்டதில்லை. "புத்தகத்தை முழுசாத் திரும்ப வாங்கிக்கறேன். போர்ட்டு, டிரைவர்னு ஜனங்க பேசற மாதிரியே எழுதிடறேன். உங்க மேனேஜர்கிட்டயும் பேசறேன். மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்றேன், அந்தக் கேட்டைப் பூட்டச் சொல்றேன், அவரையும் வேனுக்கே அனுப்பச் சொல்றேன்."

அறையில் ஒரு பெட்டிகூட அசையவில்லை. எல்லாரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

கடைசி மேஜையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

"ஒண்ணையும் மாத்திடாதீங்க கண்ணு, கம்ப்யூட்டர்ல ஜன்னல்னு ஏதோ இருக்குதாமே, முடிஞ்சா அடுத்த திருத்தத்துல அதையும் போட்டுடுங்க, இந்த ரூமுக்கு ஒண்ணு வேணும்னு ஏழு வருஷமா எழுதிக் கொடுத்துட்டிருக்கோம்."