குனியரும் கீழே கிடந்த காசும்

இலண்டனில் வாழ்கிற இத்தனை இலட்சம் சனத்தில் இந்த ஊரின் தரையை முழுதாகப் பார்த்து முடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் குனியர். செவன் கிங்ஸ் பெருந்தெருவில் எந்தக் கல் ஆடும், எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்த பஸ் ஸ்டொப்பில் ஆட்கள் சில்லறையைத் தவற விடுவார்கள் என்பதெல்லாம் கவுன்சிலுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் பட்டம் வைத்துவிட்டால் பிறகு பெற்றவர்களே வந்து சொன்னாலும் எடுபடாது. பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து நடந்தவர், குனியர் ஆகிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்து, பெற்றோல் ஷெட்டில் நின்று, இன்று மூன்று கடைக்கு முதலாளி. எங்கள் ஊர்ச் சங்க மலருக்கு எழுதுகிற இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் மலர் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். அவர் படித்தவர், நான் சம்பளம் கொடுத்துப் பழகியவன்.

குனியர் காசு பொறுக்குவதில் ஒரு முறை இருந்தது. எடுத்த நாணயத்தை முதலில் இரண்டு கண்ணிலும் ஒற்றுவார். பிறகு அக்கம்பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய், "எக்ஸ்கியூஸ் மீ, இஸ் திஸ் யுவர்ஸ்?" என்று கேட்பார். ஒரு பென்னிக்கு பஸ் வரிசையில் நின்ற பதினெட்டுப் பேரையும் விசாரித்து, கடைசியில் பஸ்ஸுக்குள் ஏறி ட்ரைவரையும் விசாரித்திருக்கிறார். ஒருவரும் உரிமை கோராவிட்டால் என் கடை மேசையில் இருக்கும் தர்ம உண்டியலில் போடுவார். ஒரு சதம் அவர் வீட்டுக்குப் போனதில்லை.

ஒருமுறை விம்பிள்டன் பக்கம் கோயிலுக்கு என் காரில் கூட்டிப்போனேன். செருப்பு வைக்கிற ராக்கைத் தட்டின் அடியில் ஒரு இருபது பென்ஸ் மின்னியது. குனியர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கையை நீட்டினார். பின்னால் வந்த இரண்டு பக்தர்கள், இங்கேதான் விழுந்து கும்பிட வேண்டுமாக்கும் என்று அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தார்கள். மூன்று பேரும் நான் கழற்றி வைத்த சப்பாத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி கிடந்தார்கள். குனியர் அந்தக் கிடையிலேயே திரும்பி, "தம்பி, இது உங்கடையோ?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கடையில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, ஒரு பென்னிக்குக் குனியிறது நட்டம். நீங்கள் குனிஞ்சு நிமிரிற நேரத்துக்கு நான் ஒரு பெட்டி பால் வித்துப்போடுவன்."

"நீங்கள் விப்பியள் முதலாளி. எனக்கு விக்கப் பால் இல்லையே."

"நாரி பிடிச்சு இடுப்பு நிமிராட்டி மருந்துச் செலவு?"

"இந்த வயசுக்கு மருந்து சும்மாதானே தாறாங்கள்."

"நானெண்டா நோட்டுக் கிடந்தாலும் குனியமாட்டன்!"

"அது தெரியும் முதலாளி. உங்கட வண்டி விடாது" என்று என் தொப்பையைக் காட்டினார்.

வேலைக்கு நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷன் எதற்காகத்தான் குனிகிறார் என்று அன்று பின்னேரமே பஸ் ஸ்டொப்புக்கு எதிரே நின்று பார்த்தேன். குனியர் ஒரு இளைஞனிடம் நாணயத்தை நீட்டினார். அவன் காதில் செருகியிருந்ததைக் கழற்றினான், முகத்தைப் பார்த்தான், இல்லை என்று சிரித்தான். குனியர் விடவில்லை. "வெரி கோல்ட், நோ?" என்றார். அவன் ஏதோ சொன்னான். இவர் ஏதோ சொன்னார். அடுத்து ஒரு கிழவி. அவளோடு கால் மணித்தியாலம்.

எனக்கு விளங்கிவிட்டது. படித்தவன் ஒருவனுக்கும் விளங்காதது ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு விளங்கியது. மனைவி போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை, கோழிப்பொரியல் கடைக்கு மேலே ஒற்றை அறை. காலையிலிருந்து இரவு வரை அவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு பென்னி கிடைத்தால் நாலு பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியது அந்த நாலு முகம்தான்.

நான் அப்படியில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவியும் போய்விட்டாள், மகன்மார் கனடாவில். ஆனாலும் என்னோடு பேசப் பத்து வேலையாட்கள் இருந்தார்கள். கடை பூட்டினால் ஐந்து அறை வீட்டில் டிவி பேசும்.

பிறகு காசுக்குப் பதிலாக பாங்க் கார்ட் வந்தது. எல்லோரும் கார்ட்டைத் தட்டத் தொடங்கினார்கள். நானும் மூன்று கடையிலும் கார்ட் மெஷின் வாங்கிப் பூட்டினேன். குனியர் அதை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முதலாளி, நீங்களுமோ?"

"காலம் அண்ணை."

தெருவில் காசு விழுவது நின்றுபோனது. குனியர் இல்ஃபோர்ட் வரை நடந்துவிட்டு வெறுங்கையோடு வருவார். காசு இல்லாமல் ஒரு அந்நியனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. கடைக்கு வந்து உண்டியலைத் தடவிவிட்டுப் போவார்.

அப்படி மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தவர் கண்ணில்தான் அந்த ஒரு பவுண் நாணயம் பட்டது. எங்கள் தெருவில் ஒரு பெண், தன் மூன்று மாதக் குழந்தைக்குக் கண்பட்ட தோஷம் போகக் கண்ணூறு கழித்தாள். ஒரு நாணயத்தையும் எலுமிச்சங்காயையும் குழந்தையின் தலையைச் சுற்றி, முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் முறை. பார்த்திருந்தால், பின்னால் குனியர் ஓடிவருவது தெரிந்திருக்கும்.

கதவைத் தட்டினார். திறந்தாள்.

"தங்கச்சி, உங்கட ஷொப்பிங் பாக் கிழிஞ்சு போச்சுப் போல. காசும் தேசிக்காயும் விழுந்திட்டுது."

அவள் வாய் திறக்க முன்பே குழந்தையைக் கண்டுவிட்டார். புதுக் குழந்தையை முதன்முதலாகப் பார்த்தால் கையில் காசு வைக்க வேண்டும் அல்லவா? முறை தெரிந்த மனுஷன். அந்தப் பவுணையே குழந்தையின் கையில் வைத்து, "நல்லா இரு ராசா" என்றார்.

அவள் போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. சற்று நேரத்தில் அவளுடைய கணவன் வந்து நின்றான்.

"ஐயா, கழிச்ச கண்ணூறைக் கொண்டுவந்து பிள்ளையின்ரை கையிலை குடுத்திருக்கிறார் அந்த ஆள்! இனி எங்கட வாசலுக்கு வரவேண்டாமெண்டு சொல்லிவையுங்கோ!"

நான் சிரித்தது பிழைதான். சிரிக்காமல் இருக்க ஏலவில்லை. ஆனால் கதை பரவியது. குனியரைக் கண்டால் எங்கள் சனம் பிள்ளைவண்டியைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கம் போனார்கள். வெள்ளைக்காரர் காதில் செருகியதைக் கழற்றுவதில்லை, தமிழர் நின்று பேசுவதில்லை. மூன்று வாரம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. தர்ம உண்டியலில் தூசி படிந்தது.

நாலாம் வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு பவுண் நாணயத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் அறையிலிருந்து படி இறங்குகிற வாசலில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடை மறைப்பில் நின்றேன். குளிரில் ஒரு மணித்தியாலம். வந்தார். நாணயத்தைப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்!

குனியர் குனியவில்லை. வேறு வழி தெரியவில்லை. முழங்கால் இரண்டும் நொறுநொறுவென்று சத்தம் போட, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே குனிந்து அதை எடுத்தேன். மூச்சு வாங்க அவருக்குப் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, நில்லுங்கோ! இது உங்கடையோ?"

வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்ரை இல்லை. வாங்கோ, விசாரிப்பம்."

பஸ் ஸ்டொப்பில் நின்ற எல்லோரையும் விசாரித்தோம். ஒரு பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அண்ணன் தம்பியா என்று கேட்டாள். திரும்பி நடக்கும்போது உண்மையைச் சொன்னேன்.

"அண்ணை, அதை நான்தான் போட்டனான்."

"தெரியும். யன்னலாலை பாத்தனான்."

"பிறகேன் எடுக்காமல் போனனீங்கள்?"

"நீங்கள் குனியிறியளோ எண்டு பாக்கத்தான்."

அதன் பிறகு இரண்டு வருடம், மழை இல்லாத பின்னேரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். காசு கிடைத்த நாள் குறைவு. கிடைத்தால் நான் எடுப்பேன், அவர் விசாரிப்பார். கீழே கிடக்கிற ஒரு பென்னிக்குக் குனிவது இலாபமா நட்டமா என்று இப்போதும் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். கணக்கில் நான் புலி. இந்தக் கணக்கை மட்டும் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை.

போன குளிர்காலம் ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பிள்ளை என்னை ஃபோனில் கூப்பிட்டாள். குனியர் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்கிற இடத்தில் என் பெயரையும் நம்பரையும் எழுதி வைத்திருந்தாராம். தெருவில் போகிற அத்தனை பேரையும் நிறுத்திக் கேட்ட மனுஷன், இதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்.