கொக்கு டீச்சரும் மூன்று பத்து ரூபாய் நாணயங்களும்

ஒரு காட்டில் பத்து ரூபாய் நாணயம் செல்லும். சிங்கராஜா முரசறைந்தே சொல்லியிருந்தார். ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். தேன்கடைக் கரடியைக் கேட்டால், "நான் வாங்கிக்குவேங்க, எங்கிட்ட இருந்து யாரும் வாங்க மாட்டேங்கிறாங்களே" என்பார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தக் காட்டுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக் காசு எண்ணும் தேர்வு நடந்தது. கொக்கு டீச்சர், அட்டையில் வெட்டிய மூன்று பத்து ரூபாய் நாணயங்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் மேசைமேல் வைத்தார்.

"செம்பி, மொத்தம் எவ்வளவு?"

கீரிக்குட்டி செம்பி மூன்று பத்து ரூபாயையும் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு ரூபாய், டீச்சர்."

"அதையெல்லாம் ஏன் எண்ணல?"

"அதைக் கரடி மாமா வாங்க மாட்டார், டீச்சர்."

வகுப்பே சிரித்தது. செம்பிக்குப் பூஜ்யம். தோழிகள் எல்லாரும் இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள், அவள் மட்டும் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை தாய்க்கீரி பள்ளிக்கு வந்தது.

"மறுதேர்வு உண்டுங்களா, டீச்சர்?"

"உண்டும்மா. முப்பது ரூபாய் கட்டணும்."

தாய்க்கீரி முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய் நாணயங்களை நீட்டியது. அது அசந்த நேரத்தில் யாரோ அதனிடம் தள்ளிவிட்டுப் போனவை.

கொக்கு டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நோட்டா இல்லையாம்மா? இதை யாரும் வாங்க மாட்டாங்க."

"எம் பொண்ணும் அதைத்தானே சொன்னா? இது முப்பது ரூபாய்னா வாங்கிக்குங்க. இல்லைன்னா அவ சொன்னது சரின்னு பாஸ் போடுங்க."

டீச்சர் ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். கால் மாற்றியும் யோசித்தார். தப்பை ஒத்துக்கொள்வதைவிட முப்பது ரூபாய் நட்டம் மேல் என்று பட்டது. வாங்கிக்கொண்டார். பள்ளிக் கணக்கில் தன் கைக்காசைக் கட்டினார்.

மறுதேர்வில் அதே கேள்வி. செம்பி, "முப்பத்திரண்டு" என்றாள்.

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க வாங்கிட்டீங்களே, டீச்சர்."

செம்பி தேறிவிட்டாள். நாணயங்கள்தான் எங்கேயும் தேறவில்லை. "படிச்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் கரடி. எருமை வண்டியின் கண்டக்டர் நரி, "இறங்கி நடங்க டீச்சர், உடம்புக்கு நல்லது" என்றது.

கடைசியில் டீச்சருக்கு ஒரு வழி தோன்றியது. ஆண்டுவிழாவில், சிங்கராஜா முன்னிலையில், "விடாமுயற்சிக்கான ரொக்கப் பரிசு, செம்பிக்கு!" என்று அறிவித்து மூன்று நாணயங்களையும் அவள் கையில் வைத்து மூடினார்.

செம்பி கையை விரித்துப் பார்த்தாள். பிறகு மேடையிலேயே டீச்சர் காலில் விழுந்து எழுந்தாள்.

"எனக்குக் காசு எண்ணக் கத்துக்கொடுத்த டீச்சருக்கு என் காணிக்கை" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

காடே கைதட்டியது. சிங்கராஜா எழுந்து நின்று கைதட்டினார். கொக்கு டீச்சர் கண்ணீரோடு வாங்கிக்கொண்டார். அது ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நீதி: காசை எண்ணத் தெரிந்தால் இரண்டாம் வகுப்புக்குப் போகலாம். அதை அடுத்தவர் தலையில் கட்டத் தெரிந்தால் அதற்குமேல் படிக்கவே வேண்டாம்.